ஜாஃப்ரி வெறும் கார்ட்டூன் வில்லன்தானா?

கேள்வி (மார்ச் 2, மாலை)

கேம் ஆஃப் த்ரோன்ஸ் தொடரை இப்போதுதான் முதல்முறையாகப் பார்த்து முடித்தேன். சிறுவயதிலேயே ராஜாவாகும் ஜாஃப்ரியை ஏன் எல்லாரும் பெரிய வில்லன் என்கிறார்கள் என்று புரியவில்லை. அவன் தாத்தா டைவினுக்கு ஓர் ஆழம் இருக்கிறது, அம்மா செர்சிக்கு இருக்கிறது. இவன் வருகிறான், கத்துகிறான், யாரையாவது கொல்லச் சொல்கிறான், போகிறான். காரணமே இல்லாத கெட்டவன். மூல நாவல்களிலாவது ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் வேறு மாதிரி எழுதியிருக்கிறாரா? (கதை முழுக்க வெளிவந்துவிடும், படிக்காதவர்கள் தள்ளி நில்லுங்கள்.)

மார்ச் 2, இரவு 10.40

வேறு மாதிரிதான். முதல் வித்தியாசம் வயது. தொடரில் அவனாக நடித்த ஜாக் கிளீசன் 1992இல் பிறந்தவர். தொடர் 2011இல் ஒளிபரப்பானது. அதனால் நாம் பார்ப்பது மீசை அரும்பும் ஓர் இளைஞனை. நாவலில் அரியணை ஏறும்போது ஜாஃப்ரிக்கு 12 வயது. சாகும்போது 13. அவ்வளவுதான்.

நான் எட்டாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறவள். 13 வயதுப் பையன்களை வருஷம் பூராவும் பார்க்கிறேன். குரல் உடைகிற வயசு. யாராவது சிரித்தால் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைக்கிற வயசு. பரீட்சைத் தாளைக் கொடுக்கும்போது மதிப்பெண்ணை உள்ளங்கையால் மூடிக்கொள்வார்கள். ஒருவனை எல்லார் முன்னாலும் திட்டிவிட்டால், அந்த அவமானத்தை மதியம் தன்னைவிடச் சின்னவன் ஒருவன் தலையில் இறக்கி வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவான். இதெல்லாம் சாதாரணம். அவர்கள் கையில் இருப்பது ஒரு ஸ்கேல், அதிகம் போனால் காம்பஸ் முனை. அந்தப் பையன் கையில் ஒரு நாட்டின் கொலையாளியைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதுதான் ஜாஃப்ரி. எனக்கு அவன் கார்ட்டூனாகத் தெரிந்ததே இல்லை.

மார்ச் 3, காலை

காரணமே இல்லாதவன் என்று சொன்னீர்களே, அதை விட்டுவிட மனமில்லை.

மூன்றாம் நாவலில் ஜாஃப்ரியின் சித்தப்பா ஸ்டானிஸ் அவனைப் பற்றிய ஒரு பழைய சம்பவத்தைத் தன் ஆலோசகர் டாவோஸிடம் சொல்வார். சமையற்கட்டில் ஒரு பூனை. அதன் வயிற்றில் குட்டிகள் இருக்கின்றன என்று சமையல்காரர் ஒருவர் பையனிடம் சொல்கிறார், ஒரு குட்டியை வளர்க்க ஆசைப்படுவான் என்று நினைத்து. பையன் கத்தியால் பூனையைக் கிழித்துப் பார்க்கிறான். குட்டிகளை எடுத்துக்கொண்டு நேராக அப்பா ராஜா ராபர்ட்டிடம் ஓடுகிறான், காட்டுவதற்கு. ராபர்ட் அடித்த அடியில் பையன் செத்தே போனான் என்று ஸ்டானிஸ் நினைத்தாராம்.

எல்லாரும் பூனையைத்தான் பேசுகிறார்கள். நான் அந்த ஓட்டத்தைப் பேசுகிறேன். தப்பு செய்த பிள்ளை ஒளிந்துகொள்ளும். இவன் பரிசு வாங்கப்போகிற பிள்ளை மாதிரி அப்பாவைத் தேடிப் போகிறான்.

வடக்கை ஆண்ட நெட் ஸ்டார்க்கின் மகன், சிறுவன் பிரானைக் கொல்ல ஆள் அனுப்பியது யார் என்ற முடிச்சும் அதே நாவலில்தான் அவிழ்கிறது. கால் விளங்காமல் படுத்துவிட்ட குழந்தைக்குச் சாவு ஒரு கருணை என்கிற மாதிரி ராபர்ட் குடிபோதையில் ஏதோ சொல்கிறார். அது ஜாஃப்ரியின் காதில் விழுகிறது. அப்பா விரும்புவதைச் செய்து முடித்தால் தோளில் ஒரு தட்டு கிடைக்கும். அந்தத் தட்டுக்காக ஒரு குழந்தையைக் கொல்ல ஆள் அனுப்பியிருக்கிறான். செர்சியின் தம்பி டிரியனும், அவளுடைய இரட்டைச் சகோதரன் ஜேமியும் (ஜாஃப்ரிக்கு உண்மையான அப்பா இவன்தான்) தனித்தனியாக இதே முடிவுக்கு வருகிறார்கள். கொடூரம்தான், ஆனால் காரணமில்லாத கொடூரம் என்று சொல்ல என்னால் முடியவில்லை. ரோஸ் என்ற பெண்ணைக் கட்டிலில் கட்டி வைத்து அம்பெய்து கொல்கிறானே, அதற்கும் இப்படி ஏதாவது வேர் நாவலில் இருக்கும், தேடிப் பார்க்கிறேன்.

மார்ச் 3, மதியம்

திருத்தம். ரோஸ் என்ற பாத்திரமே நாவலில் கிடையாது. தொடருக்காக உருவாக்கியது. அந்தக் கொலையும் தொடரில் மட்டும்தான். நாவலையும் தொடரையும் மாற்றி மாற்றிப் பார்த்ததில் இரண்டும் தலையில் கலந்துவிட்டன. கேள்வி கேட்டவருக்கு ஒரு வகையில் இது சாதகமான செய்தி. கட்டில், குறுக்குவில், பெண்கள் என்று தொடர் சேர்த்த காட்சிகளில்தான் அவன் ஒரே சுருதியில் கத்துகிறவனாக மாறுகிறான். நாவலிலும் குறுக்குவில் உண்டு. ரொட்டி கேட்டு வாசலில் கூடியவர்கள்மேல் அம்பு விடுகிறான். அது அவனுக்கு விளையாட்டுச் சாமான். அந்த வயதுக்கு அதுதான் பொருந்துகிறது.

மார்ச் 5

ஒருவர் எழுதியிருக்கிறார்: "வளர்ப்பு, அப்பா பாசம் என்று சுற்றி வளைக்காதீர்கள். அவன் பிறவியிலேயே அப்படி."

இரண்டு நாளாக இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் சொல்வதற்கு நாவலிலேயே பலமான சாட்சி இருக்கிறது, அதை நான் மார்ச் 3 அன்று சொல்லாமல் விட்டது சரியில்லை. தங்கை மைர்செல்லா, தம்பி டாமன். அதே தாய், அதே அரண்மனை, அதே குடிகார அப்பா. மைர்செல்லா தைரியமான, பண்பான பெண். டாமன் பூனைக்குட்டிகளோடு விளையாடுகிற குழந்தை. ஒரே அடுப்பில் வெந்த மூன்று பானை, ஒன்று மட்டும் ஏன் வெடித்தது?

மூத்தவன் என்பதால் என்று சொல்லிப் பார்க்கலாம். அரியணைக்கு உரியவன் என்று செர்சி அவன் காதில் ஓதிக்கொண்டே இருந்தாள், மற்ற இருவருக்கும் அந்த ஓதல் இல்லை. இது கொஞ்சம் உண்மை. முழுக்க உண்மை இல்லை. ராப் ஸ்டார்க்கும் மூத்தவன்தான், அவனும் வடக்கின் வாரிசு என்று சொல்லியே வளர்ந்தவன்தான்.

சரி, இப்படி வைத்துக்கொள்கிறேன். அந்தப் பையனுக்குள் ஏதோ ஒன்று பிறக்கும்போதே குறைந்திருந்தது. பிறர் வலி அவனுக்கு எட்டவில்லை. ஆனால் அப்படிப்பட்ட குழந்தைகள் எல்லா ஊரிலும் பிறக்கிறார்கள், எல்லாரும் ராஜா ஆவதில்லை. பிறவி என்பது பூனையோடு நின்றிருக்க வேண்டியது. அங்கிருந்து நெட் ஸ்டார்க்கின் தலை வரை எப்படி வந்தது என்பதை எழுத வேண்டும். இன்றைக்கு நேரமில்லை, திருத்த வேண்டிய தாள்கள் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன.

மார்ச் 9, ஞாயிறு மாதிரி ஒரு சாவகாசத்தில்

முதல் நாவலின் (1996) அந்த இடத்தை மறுபடி வாசித்தேன். பேலர் ஆலயத்தின் படிகள். கூட்டத்துக்கு நடுவே சிலைமேல் ஏறி நின்று நெட்டின் சின்ன மகள் ஆர்யா பார்க்கிறாள். துரோகம் செய்ததாக நெட் பொய்யாக ஒப்புக்கொள்கிறார். உயிர்ப்பிச்சை கொடுத்து வடக்கு எல்லைச் சுவருக்குக் காவலனாக அனுப்பிவிடுவதாகப் பேசி முடித்தாயிற்று. ஜாஃப்ரி திடீரென்று தலையை வெட்டச் சொல்கிறான்.

தொடரில் பார்க்கும்போது எனக்கு ஜாஃப்ரியின் முகம் மட்டும்தான் மனதில் பதிந்தது. வாசிக்கும்போது மற்றவர்கள் தெரிகிறார்கள். தலைமைப் பூசாரி அவன் மேலங்கியைப் பிடித்து இழுக்கிறார். உளவுத் தலைவர் வாரிஸ் கைகளை ஆட்டிக்கொண்டு ஓடி வருகிறார். ராணி ஏதோ சொல்லிப் பார்க்கிறாள். அதாவது, அந்த மேடையில் இருந்த பெரிய மனிதர்களில் பலருக்கு இது வேண்டாம். ஒரு 12 வயதுப் பையனுக்கு மட்டும்தான் வேண்டும். ஆனாலும் நடந்துவிடுகிறது. ஏன்? நகரக் காவல் தலைவன் ஜானோஸ் ஸ்லின்ட் கை காட்டுகிறான், ஆட்கள் நெட்டைக் கீழே தள்ளுகிறார்கள், தலை வெட்டும் வேலைக்காரன் இலின் பெய்ன் படியேறி வருகிறான். வேண்டாம் என்றவர்கள் வாயால் சொன்னார்கள். சரி என்றவர்கள் கையால் செய்தார்கள்.

இலின் பெய்னுக்கு நாக்கு கிடையாது என்பதை நினைத்துப் பாருங்கள். உண்மையில் நாட்டை ஆள்வது டைவின்தான் என்று பெருமை பேசியதற்காக, முந்தைய பைத்தியக்கார ராஜா ஏரிஸ் அவன் நாக்கைப் பிடுங்கிவிட்டான். ஒரு கொடுங்கோலன் ஊமையாக்கிய ஆளை அடுத்த கொடுங்கோலன் வாளாகப் பயன்படுத்துகிறான். மறுத்துப் பேச அவனிடம் உறுப்பே இல்லை.

அப்புறம் சான்சா, நெட்டின் மூத்த மகள், ஜாஃப்ரிக்கு நிச்சயித்த பெண். அப்பாவின் தலையைக் கோட்டைச் சுவரில் காட்டுவதற்கு முன்னால், அவள் அறையில் வைத்து, ராஜா மனைவியை அடிப்பது அழகில்லை என்று அம்மா சொல்லியிருக்கிறாள் என்கிறான் ஜாஃப்ரி. சொல்லிவிட்டு, ராஜாவின் காவல் படை வீரன் மெரின் டிரான்டைக் கூப்பிடுகிறான். மெரின் அடிக்கிறான். எனக்கு இந்த நாவல்களிலேயே மிகவும் பயமான இடம் இதுதான், டிராகனும் இல்லை, செத்தவர்கள் நடப்பதும் இல்லை. அம்மா சொன்ன நல்ல பழக்கத்தைப் பையன் மீறவில்லை. பக்கத்தில் வெள்ளை அங்கி போட்ட ஒரு கை தயாராக நிற்கிறது, அவ்வளவுதான்.

இரண்டாம் நாவலில் சான்சா அந்தக் காவலர்களைத் தரம் பிரித்து வைத்திருப்பாள். ஏரிஸ் ஓக்ஹார்ட் (ராஜா ஏரிஸ் வேறு, இவர் வேறு) ஒருமுறை மறுத்துப் பேசினார். கடைசியில் அடித்தார், ஆனால் மெரினும் போரோஸும் அடிப்பது மாதிரி வலிக்க அடிக்கவில்லை. வாதாடவாவது செய்தாரே என்று அந்தக் குழந்தை நன்றியோடு நினைத்துக்கொள்கிறது. ஜாஃப்ரியின் மெய்க்காவலன் சாண்டர் அவளை அடித்ததே இல்லை. அவனிடம் ஜாஃப்ரி அந்த வேலையைச் சொன்னதும் இல்லை. யாரிடம் கேட்டால் நடக்கும், யாரிடம் கேட்டால் மானம் போகும் என்று பையனுக்குத் தெரியும். வகுப்பில் எந்த டீச்சரிடம் வாலாட்டலாம் என்று பிள்ளைகளுக்குத் தெரிகிற மாதிரி.

மறுக்கக்கூடியவர் ஒருவர் இருந்தார், அந்தக் காவல் படையின் தலைவர் பாரிஸ்டன் செல்மி. அவரை வயசாகிவிட்டது என்று சொல்லிச் சபையிலேயே வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். சாகும்வரை பதவி என்று இருந்த காவல் படையில் முதல்முறையாக. மிஞ்சியது யார் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

மார்ச் 10

நேற்று எழுதியதை வாசித்துவிட்டுத் தூங்கப் போனபோது ஒன்று உறைத்தது. எழுந்து விளக்கைப் போட்டு முதல் அத்தியாயங்களைப் புரட்டினேன். இருக்கிறது. வடக்குச் சுவரிலிருந்து தப்பி ஓடிவந்த காவலனை நெட் தானே வெட்டுகிறார். தீர்ப்புச் சொல்கிறவனே வாளை வீச வேண்டும் என்று ஏழு வயது பிரானுக்குச் சொல்லித் தருகிறார். சாகப்போகிறவனின் கண்ணைப் பார்க்க முடியவில்லை என்றால் அவன் சாகத் தகுந்தவன் இல்லையோ என்னவோ என்கிற மாதிரி. கார்ஸ்டார்க் பிரபுவுக்குத் தண்டனை கொடுக்கும்போது ராப் அதை அப்படியே செய்கிறான், தன் கையால். முடித்துவிட்டுக் கோடரியைத் தூக்கி எறிகிறான்.

ஜாஃப்ரி ஒருநாளும் தன் கையால் பெரியவர் ஒருவரை வெட்டியதில்லை. அந்த முதல் அத்தியாயமே அவனுக்காக எழுதி வைத்த அளவுகோல் போல இருக்கிறது, அவன் இன்னும் கதைக்குள் வரவே இல்லை.

மார்ச் 12

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

நான் ஏழாவது படித்த பள்ளியில் தாளாளரின் பேரன் எங்கள் வகுப்பில் இருந்தான். ஊர், பெயர் எல்லாம் வேண்டாம். அவன் பெரிய ரவுடி எல்லாம் கிடையாது. ஒல்லியாக இருப்பான், அடிக்கடி சளி பிடித்திருக்கும். ஆனால் யாரைப் பிடிக்கவில்லையோ அவர்களை வெயிலில் நிற்க வைப்பான். எப்படி? பி.டி. மாஸ்டரிடம் போய்ச் சொல்வான். என்ன தப்பு என்று மாஸ்டர் கேட்க மாட்டார். விசில் ஊதிக் கூப்பிட்டு கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் நிற்க வைத்துவிடுவார். ஒரு பையன், திக்கித் திக்கிப் பேசுவான், அவன் ஒரே வாரத்தில் மூன்று நாள் நின்றான். பேசுவதைப் பார்த்துப் பேரனுக்குச் சிரிப்பு வந்தது, அவன் சிரிக்காதே என்று சொல்லிவிட்டான், அதுதான் தப்பு.

அந்தப் பேரனை இத்தனை வருஷமும் கரித்துக்கொட்டிக்கொண்டிருந்தேன். மெரின் டிரான்டைப் பற்றி எழுதிய பிறகுதான் மாஸ்டரின் முகம் நினைவுக்கு வந்தது. அவர் நல்ல மனிதர். எங்களுக்குக் கோ-கோ சொல்லிக் கொடுத்தவர். இரண்டு பெண் பிள்ளைகள், சம்பளம் தாளாளர் கையில்.

இன்னொன்றும் இருக்கிறது. நான் வகுப்பு லீடர். டீச்சர் இல்லாத நேரத்தில் பேசியவர்கள் பெயரைக் கரும்பலகையில் எழுதுவது என் வேலை. அவன் பெஞ்சிலிருந்து ஜாடை காட்டுவான், நான் அந்தத் திக்குவாய்ப் பையனின் பெயரை எழுதுவேன். பேசவே கஷ்டப்படுகிறவன் பெயரை, பேசியவர்கள் பட்டியலில். இரண்டு தடவை. மூன்றாவது தடவை எழுத மாட்டேன் என்று சொன்னேனா என்று மனதைக் குடைந்து பார்க்கிறேன். சொன்னதாக நினைவில்லை.

மார்ச் 13

ஆறுதல் சொன்ன எல்லாருக்கும் பதில் எழுத முடியவில்லை. "நீங்களும் குழந்தைதானே" என்று பலர் எழுதியிருக்கிறீர்கள். ஆமாம். ஜாஃப்ரியும்தான். அதனால்தான் இந்த வாதத்தில் எனக்கு நிம்மதி இல்லை.

மார்ச் 16

நண்பர் ஒருவர் நிஜ வரலாற்றில் இப்படி யாராவது உண்டா என்று கேட்டிருந்தார். இந்தக் கதைக்குப் பின்னால் 15ஆம் நூற்றாண்டில் அரியணைக்காக நடந்த இங்கிலாந்தின் ரோஜாப் போர்கள் இருப்பதை மார்ட்டினே பலமுறை சொல்லியிருக்கிறார். அதில் ஒரு பையன் இருக்கிறான். ஆறாம் ஹென்றி ராஜாவின் மகன் எட்வர்ட், 1453இல் பிறந்தவன். அப்பா மனநலம் குன்றியவர். அம்மா, அஞ்சூவின் மார்கரெட், மகனுடைய உரிமைக்காகப் படை திரட்டியவள். அவன் ராஜாவுக்குப் பிறந்தவனே இல்லை என்று எதிரிகள் வதந்தி பரப்பினார்கள். இதுவரை சொன்னாலே யாரென்று தெரிகிறது, இல்லையா?

1461 பிப்ரவரியில் செயின்ட் ஆல்பன்ஸில் மார்கரெட்டின் படை ஜெயிக்கிறது. எதிரிகளிடம் சிறையில் இருந்த ராஜா ஹென்றியைப் போரின்போது பத்திரமாகப் பார்த்துக்கொண்ட இரண்டு பேர், பான்வில் பிரபுவும் தாமஸ் கிரியெல்லும், பிடிபடுகிறார்கள். இவர்களுக்கு எப்படிப்பட்ட சாவு கொடுக்கலாம் என்று அம்மா மகனைக் கேட்டாள், தலையை வெட்டச் சொன்னான் என்று அந்தக் காலத்துக் குறிப்புகள் சொல்கின்றன. அவனுக்கு அப்போது ஏழு வயது. எனக்கு அந்தப் பதிலைவிடக் கேள்விதான் நடுக்கம் தருகிறது. ஏழு வயதுப் பிள்ளையிடம் "சாப்பிட என்ன வேண்டும்" என்று கேட்கலாம்.

அப்புறம் 1467இல், அம்மாவோடு பிரெஞ்சு மண்ணில் அகதியாக இருந்தபோது, மிலான் நாட்டுத் தூதர் ஒருவர் எழுதிய கடிதத்தில் அவன் வருகிறான். 13 வயதுதான் ஆகிறது, அதற்குள் தலைகளை வெட்டுவதையும் போரையும் தவிர வேறு பேச்சே இல்லை என்று. அதே 13. ஆனால் இவன் ராஜாவாகவில்லை. 1471இல் டூக்ஸ்பரி போரில் 17 வயதில் கொல்லப்பட்டான்.

மார்ச் 17

நேற்றைய குறிப்புக்கு ஒரு பின்யோசனை. அந்தப் பையனைப் பற்றி நமக்கு எழுதி வைத்தவர்களில் எத்தனை பேர் அவன் பக்கத்து ஆட்கள்? தோற்றுப்போன வம்சத்தின் பிள்ளையைப் பற்றி ஜெயித்தவர்கள் நல்லதாக எழுத மாட்டார்கள். அகதியாக வளர்ந்த, நாடு பறிபோன ஒரு பையன் போர், தலை என்று பேசினால் அதில் பாதி பயம். நாவலிலும் இதே விஷயம் உண்டு. ஜாஃப்ரியின் கண் வழியாக ஒரு அத்தியாயம்கூட இல்லை. எப்போதும் அவனைப் பார்த்துப் பயந்தவர்கள், வெறுத்தவர்கள், அவனால் அடிபட்டவர்கள்தான் சொல்கிறார்கள். அடிபட்டவர்கள் சொல்வதை நான் நம்புகிறேன். ஆனாலும் ஒரே ஒரு அத்தியாயம் அவன் தலைக்குள் போய்ப் பார்க்கக் கிடைத்திருந்தால் என்று ஆசைப்படாமல் இருக்க முடியவில்லை.

மார்ச் 19

நீரோவை விட்டுவிட்டேன் என்று இரண்டு பேர். சரிதான். கி.பி. 54இல் ரோமாபுரிக்குப் பேரரசன் ஆனபோது அவனுக்கு 16 வயது. மறு வருஷமே, 14 வயதை எட்டப்போகும் பிரிட்டானிகஸ் விருந்து மேசையில் எல்லார் கண்ணுக்கும் முன்னால் சுருண்டு விழுந்து செத்தான். நஞ்சு என்று ரோம வரலாற்றாசிரியர் டாசிடஸ் எழுதுகிறார். வலிப்பு, பழைய வியாதிதான் என்று சொல்லிவிட்டு நீரோ விருந்தைத் தொடர்ந்தானாம். ஜாஃப்ரி தன் கல்யாண விருந்தில் நஞ்சால் சாவதோடு இதை ஒப்பிடத் தோன்றும், ஆனால் அங்கே செத்தவன் கொடுங்கோலன் இல்லை, அவனுக்குப் போட்டியாக இருந்த சிறுவன். கல்யாண விருந்துக் காட்சிக்குத் தனக்குத் தூண்டுதல் என்று மார்ட்டின் சொன்னது வேறு ஆள். இங்கிலாந்து ராஜா ஸ்டீபனின் மகன் யூஸ்டஸ், 1153இல் விருந்தில் தொண்டை அடைத்துச் செத்ததாகச் சொல்லப்படுபவன். நஞ்சா, சோறு விக்கியதா என்று இன்றைக்கு வரை யாராலும் சொல்ல முடியாது. அந்தச் சந்தேகத்தைத்தான் அவர் எடுத்துக்கொண்டார்.

மார்ச் 23

கல்யாண விருந்து. 2014 ஏப்ரலில் அந்த எபிசோட் வந்தபோது நாங்கள் ஏழெட்டுப் பேர் ஒரு தோழி வீட்டில் லேப்டாப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். அவன் இருமத் தொடங்கியதும் ஒருவர் விசில் அடித்தார். முகம் நீலமானபோது கைதட்டினோம். நானும் தட்டினேன். பாயசம் வைத்துக் கொண்டாட வேண்டும் என்றாள் தோழி, மறுநாள் நிஜமாகவே வைத்தாள்.

அப்புறம் நாவலில் படித்தேன். 77 வகை உணவு. பசியில் கலவரம் செய்த ஊர் வெளியே. கிண்ணம் மூன்றடி உயரம். டிரியனுக்குப் பரிசாக அவன் கொடுத்த அவமானங்கள், சித்தப்பா பரிசளித்த அரிய புத்தகத்தை வாளால் துண்டு துண்டாக்கியது (சித்தப்பா என்று எழுதிவிட்டேன், தாய்மாமன்), தலையில் ஊற்றிய மது. எல்லாம் வாசித்து, சாகட்டும் என்று காத்திருக்கிறோம். இருமல் வருகிறது. மூச்சு முட்டுகிறது. பையன் தன் கழுத்தைத் தானே கிழித்துக்கொள்கிறான். அந்த நேரத்தில் டிரியன் அவன் கண்களைப் பார்க்கிறான். அதில் இருப்பது பயம் மட்டும்.  ஜேமியின் கண்கள் என்று தோன்றுகிறது அவனுக்கு, ஆனால் ஜேமி இத்தனை பயந்து அவன் பார்த்ததில்லை. 13 வயசுதானே என்றும் தோன்றுகிறது.

புத்தகத்தை மூடிவிட்டேன். கைதட்டிய கையாகத் தெரிந்தது. அவன் இறந்தது சரிதான் என்று இப்போதும் நினைக்கிறேன், விட்டிருந்தால் சான்சாவின் கதி, மணப்பெண் மார்ஜரியின் கதி என்ன? அந்தக் கணக்கைப் போட்டுத்தான் மார்ஜரியின் பாட்டி ஒலென்னா நஞ்சு வைத்தாள். பேத்தியைக் காப்பாற்ற வேறு வழி அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் சரி என்று நினைப்பதும் கைதட்டுவதும் ஒன்றாகத் தெரியவில்லை எனக்கு.

மார்ச் 24

"நீங்கள் அவனுக்கு வக்காலத்து வாங்குகிறீர்கள், மைக்காவை மறந்துவிட்டீர்கள்."

மறக்கவில்லை. கசாப்புக்காரரின் மகன், ஆர்யாவோடு குச்சியால் வாள்சண்டை விளையாடிய பிள்ளை. ஜாஃப்ரி நிஜ வாளை எடுத்து அவன் கன்னத்தைக் கீறுகிறான். ஆர்யா தடுக்கிறாள், அவளுடைய ஓநாய் ஜாஃப்ரியின் கையைக் கவ்வுகிறது, அவள் அவன் வாளை ஆற்றில் எறிகிறாள். அவன் அழுதுகொண்டு போய்ப் பொய் சொல்கிறான். முடிவில் மைக்காவைக் குதிரையில் துரத்தி வெட்டியது சாண்டர். சம்பந்தமே இல்லாத சான்சாவின் ஓநாய் லேடியைக் கொல்ல வேண்டும் என்றது செர்சி. தோளைக் குலுக்கிவிட்டு நகர்ந்தது ராபர்ட். அந்தக் கொலையைத் தன் கையால் செய்தது, மனசு கேட்காமல், நெட்.

நான் மார்ச் 9இல் சாண்டரைக் கொஞ்சம் உயர்த்திப் பேசிவிட்டேன். சான்சாவை அடிக்காதவன் மைக்காவை வெட்டியவன். இரண்டும் ஒரே கை. நெட்டையும் இந்த வரிசையில் வைக்க வேண்டியிருக்கிறது, அது எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் வைக்கிறேன்.

மார்ச் 25

கொஞ்சம் வேறு பக்கம். ஜாக் கிளீசன் அந்த வேடத்தோடு திரை நடிப்பிலிருந்து பல வருஷம் விலகி இருந்தார். டப்ளினில் டிரினிட்டி கல்லூரியில் படித்தார், நண்பர்களோடு நாடகம் போட்டார். கூட நடித்தவர்கள் எல்லாரும் மென்மையான பையன் என்கிறார்கள். அவரை அடிக்க வேண்டும் என்று கருத்துப் பெட்டியில் எழுதுகிறவர்களை இன்றைக்கும் பார்க்கிறேன். டிரியன் ஜாஃப்ரியை அறையும் காட்சியை மட்டும் வெட்டி பத்து நிமிஷம் திரும்பத் திரும்ப ஓட்டுகிறார்கள். முதலில் எனக்கும் அது பிடித்திருந்தது. தயவுசெய்து அந்த நடிகரை விட்டுவிடுங்கள்.

ஏப்ரல் 1

கேள்வி கேட்டவர் திரும்பி வந்து, "அப்படியென்றால் அவனை யாராவது தடுத்திருக்க முடியுமா?" என்கிறார். நல்ல கேள்வி. நாவலில் மூன்று இடங்களில் தடுக்கிறார்கள்.

அவனுடைய 13ஆம் பிறந்தநாள் போட்டியில் டோன்டோஸ் என்ற குடிகார வீரன் நிலைகுலைந்து வருகிறான். மதுப் பீப்பாயில் மூழ்கடித்துக் கொல்லச் சொல்கிறான் ஜாஃப்ரி. சான்சா, தன் வாயிலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டுத் தானே பயந்து, பிறந்தநாளில் கொன்றால் ஆகாது என்று ஒரு சகுனத்தை அந்த இடத்திலேயே உருவாக்குகிறாள். சாண்டர் ஆமாம் என்கிறான். அவனைக் கோமாளியாக்கலாமே என்று யோசனை சொல்லி அதை ராஜாவின் புத்திசாலித்தனம் என்கிறாள். டோன்டோஸ் பிழைக்கிறான். எந்த அதிகாரமும் இல்லாத 12 வயதுப் பெண் செய்தது. இரண்டாவது, சபையில் அவளை உடை கிழிய அடிக்கும்போது டிரியன் உள்ளே வந்து நிறுத்துகிறான். சாண்டரும் போதும் என்கிறான். மூன்றாவது டைவின். ராப் ஸ்டார்க்கின் தலையைக் கல்யாணத்தில் சான்சாவுக்குப் பரிமாற வேண்டும் என்று குதிக்கிற பேரனைத் தூக்க மருந்து கொடுத்துப் படுக்க அனுப்புகிறார். ராஜா போகிறான். அவ்வளவுதான். போய்ப் படுத்துக்கொள்கிறான்!

இதைப் படித்துவிட்டு டைவினைப் புகழ வேண்டாம். ராப்பை ஒரு கல்யாண விருந்தில் வைத்துப் படுகொலை செய்யத் திட்டம் போட்டவர் அவர்தான். பேரன் கத்துகிறதை அவர் சத்தமில்லாமல் செய்கிறார்.

ஏப்ரல் 6

நெட் செத்த இடத்தோடு புத்தகத்தை வைத்துவிட்டேன், மேலே படிக்கத் தெம்பில்லை என்று புதிதாக ஒருவர். நிறைய பேர் அங்கேதான் நிறுத்துகிறார்கள். முடிந்தால் நான்காம் நாவலில் டைவினின் உடலைக் கிடத்தியிருக்கும் இடம்வரை வாருங்கள். நாற்றம் தாங்காமல் டாமன் வெளியே ஓடுகிறான். ஜேமி போய்ப் பேசுகிறான், இந்த மாதிரி நேரத்தில் மனசுக்குள் எங்காவது தொலைவாகப் போய்விட வேண்டும் என்கிறான். நானும் அப்படிப் போவேன், ஜாஃப்ரி இருந்தபோது என்கிறான் குழந்தை. சாதாரணமாக, ஹோம்வொர்க் முடித்துவிட்டேன் என்பது மாதிரி.

எத்தனை பக்கம் என்று கேட்காதீர்கள், நிறைய. ஆனால் அந்த வரிக்காக வரலாம்.